நகர்ந்தால்தான் சொட்டும்

பெரிய திரையில் தென்சென்னை விரிந்து கிடந்தது. நடுவே, எழில்வனம் குடியிருப்பின் மேல், ஒரு சிவப்பு வளையம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ரகோத்தமன் அதைப் பார்த்தபடியே வெங்காய சமோசாவைக் கடித்தார். துகள் சட்டையெல்லாம் கொட்டியது. அதைத் தட்டிவிடக்கூடத் தோன்றாத அளவுக்கு அந்த வளையத்தின் மேல் அவருக்கு எரிச்சல்.

"பாத்தியா பெனிட்டா? காலையில ஆரம்பிச்சா பொழுது சாயற வரைக்கும் இதே கூத்து. அத்தனையும் ஷேர் ஆட்டோ. எங்கேயும் போறதில்ல, எங்கேயிருந்தும் வர்றதில்ல. பிளாக்கைச் சுத்திச் சுத்தி வருதுங்க. விரைவுச்சாலையில கார்ல போறவனுக்கு எடுத்து வச்ச சிக்னல் இடத்தையெல்லாம் இவனுங்க தின்னுடறானுங்க."

"எதுக்காக சார் சுத்தணும்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் உன்னை அனுப்பறேன். ஏதோ திருட்டு வேலை. போய்ப் பாத்துட்டு வா."

அலைக்கூடம் நிறுவனத்தில் பெனிட்டா சாதாரண ஆள் இல்லை. ஊரில் இருக்கிற கோபுரம், தெருக்கம்பத்து வைஃபை, வானத்தில் மிதக்கிற பலூன் எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தபோது, யாரை எந்த அலையில் ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று தீர்மானிக்க ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. அலுவலகத்தில் அதற்கு மேஸ்திரி என்று பெயர். மேஸ்திரியின் முதல் விதியை எழுதியவள் இவள்தான். 'நகர்பவருக்கு முதலிடம்.' எழுதியதற்காக மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தினார்கள்.

கிளம்பும்போது ரகோத்தமன் அந்த விதியை அவளுக்கே பாடம் நடத்தினார். பெரிய பதவிக்கு வந்துவிட்டவர்களுக்கு இந்த வியாதி உண்டு.

"போனே கிடைக்கலைன்னா மனுஷன் 'சரி, அப்புறம் பேசிக்கலாம்'னு விட்டுடுவான். பேசிட்டிருக்கும்போது கட்டாச்சுன்னா நம்ம பரம்பரையையே திட்டுவான். கார்ல போறவன் ஒரு டவரை விட்டு இன்னொரு டவருக்குத் தாவறான். அங்கே அவனுக்கு இடம் காலியா இருக்கணும். வீட்டுல உக்காந்திருக்கிறவன் எங்கே ஓடிடப் போறான்? கொஞ்சம் பொறுத்துக்கட்டும். நீ எழுதினது பொன்னான விதிம்மா. அதைப் போய் ஏமாத்தறானுங்களே, வெட்கங்கெட்ட ஜென்மங்க."

எழில்வனத்தில் எழிலும் இல்லை, வனமும் இல்லை. ஆற்றங்கரையிலிருந்து வாரிக்கொண்டுவந்து கொட்டிய மனிதர்களை எட்டு மாடிகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். சாக்கடை மூடியைத் திறந்து வைத்து யாரோ மறந்துபோயிருந்தார்கள். அத்தனை மாடிகளுக்கும் ஒற்றைக் கோபுரம். எதிரே போகிற விரைவுச்சாலைக்கும் அதே கோபுரம்தான். கார்கள் நிறைய வந்தால் மேஸ்திரி யாரைக் கீழே தள்ளும் என்று பெனிட்டாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வளைவில் வந்த முதல் ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தப் பார்த்தாள். வண்டி நிற்கவில்லை. மெதுவாக ஊர்ந்தது.

"நிக்காதும்மா! ஏறணும்னா ஓடியாந்து ஏறு!" என்று ஓட்டுநர் கத்தினார்.

ஓடிப்போய்த் தொற்றி ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்சீட்டுகளைக் கழற்றி எடுத்துவிட்டு, தரையில் மெத்தை விரித்து, அதன் மேல் ஒரு பெண்மணியைப் படுக்க வைத்திருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். எலும்பும் தோலுமான உடம்பு. மார்பின் மேல் சோப்புப்பெட்டி அளவில் ஒரு பம்ப், அதிலிருந்து கைக்கு ஒரு குழாய். தலைமாட்டில் இன்னொரு பெண் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். மூத்திர வாடையும் டீசல் வாடையும் சேர்ந்து பெனிட்டாவின் முகத்தில் அடித்தது. துப்பட்டாவால் மூக்கை மூடப் போனவள், படுத்திருந்தவள் தன்னையே பார்ப்பதைக் கண்டு கையை இறக்கினாள்.

"இன்னாடி பாக்குற? மூடிக்க. எனக்கே தாங்கல, உனக்கு இன்னா?" என்றாள் படுத்திருந்தவள்.

அவள் பெயர் பவளக்கொடி. ஓட்டுநர் எத்திராஜ் அவள் புருஷன். விசிறுகிறவள் பக்கத்து வீட்டு குல்சார் பேகம். எலும்பில் புற்று. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடையாது, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று பம்பைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இதெல்லாம் ஒரு சுற்று முடிவதற்குள் குல்சார் சொல்லி முடித்தாள்.

"இது போதை மருந்தாம் மேடம். ஆளுங்க எடுத்து வித்துருவாங்கன்னு பயம். அதனால எங்கியோ ஒரு நர்ஸம்மா ஸ்கிரீன்ல பாத்துகினே இருக்கும். சிக்னல் இருந்தா சொட்டும். சிக்னல் அறுந்துச்சுன்னா பூட்டிக்கும்."

"வீட்டுல சிக்னல் இல்லையா?"

"சாயங்காலம் கார் கூட்டம் வந்தா போயிரும். காலைல போயிரும். மத்தியானம் சும்மா எட்டிப் பாக்கும். ஒருநாள் இவளைத் தூக்கிகினு பெரியாஸ்பத்திரிக்கு ஓடுனோமா, வண்டியில ஏறுன ஒடனே பம்ப்பு சொட்ட ஆரம்பிச்சிருச்சு. திரும்பி வூட்டாண்ட வந்து எறக்குனா நின்னுபோச்சு. அப்பதான் எத்திராஜண்ணனுக்குப் பொறி தட்டுச்சு. நிக்குறவனுக்கு இல்ல, நவுறுறவனுக்குத்தான். அந்தா போவுது பாருங்க, அதுல ஒரு பெரியவரு. அதுக்குப் பின்னால ஒரு சின்னப் பொண்ணு. எல்லாம் எங்க பிளாக்குதான்."

பெனிட்டா வெளியே பார்த்தாள். திரையில் பார்த்த சிவப்பு வளையம் இதுதான். வலியில் கிடக்கிறவர்களை ஏற்றிக்கொண்டு, எங்கேயும் போகாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த ஆட்டோக்கள். இதைத்தான் அந்த மனிதர் சமோசா தின்றுகொண்டே திருட்டு என்றார். சீ என்றிருந்தது.

முனையில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்று பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. எத்திராஜ் ஹாரனை அமுக்கினார், கெட்ட வார்த்தையில் திட்டினார், கெஞ்சினார். லாரி நகரவில்லை. வண்டி நின்றது. கொஞ்ச நேரத்தில் பம்ப் ஒரு தடவை கிணுகிணுத்துவிட்டுப் பூட்டிக்கொண்டது.

முதலில் பவளக்கொடியின் உதடு கோணியது. பிறகு அவள் போட்ட சத்தத்தை பெனிட்டா அதற்கு முன் எந்த மனிதரிடமும் கேட்டதில்லை. குல்சார் விசிறியைப் போட்டுவிட்டு அவள் தோள்களை அமுக்கிப் பிடித்தாள். எத்திராஜ் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டிருந்தார். லாரி ஒதுங்கி, வண்டி நகர்ந்து, பம்ப் மறுபடி சொட்டத் தொடங்கியும் அவள் முனகல் அடங்க நேரம் பிடித்தது.

"இந்த ரூல எவன் போட்டானோ, அவன் கை அழுவிப் போவ," என்றாள் பவளக்கொடி.

பெனிட்டா பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"நான்தாங்க போட்டேன்."

பவளக்கொடி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீயா? பாத்தா படிச்ச புள்ள மாதிரி கீற. நிக்குறவனெல்லாம் செத்தவன்னு நெனச்சிகினியா?"

"காருல போறவங்களைப் பத்தி மட்டுந்தான் யோசிச்சேன். படுத்திருக்கிறவங்களை நினைக்கலை."

"நெனைக்கல. த்தூ!" என்றாள் பவளக்கொடி. எச்சில் துப்பக்கூட வாயில் ஈரம் இல்லை.

அதை வாங்கிக்கொண்டு நேரே அலுவலகம் போனாள் பெனிட்டா. ரகோத்தமனிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். லாரி, பம்ப், அந்தச் சத்தம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் 'அடடா' என்றார், 'ச்சு' என்றார், பாதியில் போனில் வந்த ஏதோ ஒன்றுக்குச் சிரித்தார்.

"மருத்துவத்துக்குன்னு தனி பிளான் வச்சிருக்கோமேம்மா. நின்னா படுத்தா எதுக்கும் கட்டாகாது. அந்த பம்ப் கான்ட்ராக்ட் எடுத்தவன் சாதா பிளான் வாங்கியிருக்கான். அதுக்கு நாமளா பொறுப்பு?"

"அவன்கிட்ட பேசிப் பாக்கலாம் சார். இல்லேன்னா பம்ப்புக்கு மட்டும் விதியில ஒரு விலக்கு போட்டுடறேன். ஒரே வரிதான்."

"இலவசமாக் குடுத்தா நாளைக்கு எவன் அந்த பிளானை வாங்குவான்? ஆனா நீ ஒரு நல்ல வேலை பண்ணியிருக்கே. அவனுங்க எப்படி ஏமாத்தறானுங்கன்னு கண்டுபிடிச்சுட்டே." அவர் எழுந்து வெள்ளைப் பலகையில் வட்டம் ஒன்று போட்டு அதைக் குறுக்கே அடித்தார். "இனிமே சும்மா நகர்ந்தா போதாது. போய்ச் சேர ஒரு இடம் இருக்கணும். கிளம்பின இடத்துக்கே திரும்பி வர்றது பயணமே இல்ல. ஏர்போர்ட் போறியா, டிக்கெட்டைக் காட்டு. கல்யாண மண்டபமா, மண்டபத்து புக்கிங்கைக் காட்டு. டீமுக்குச் சொல்லிட்டேன், காலையில மேஸ்திரி மாறிடும்."

"எதையும் காட்ட முடியாதவங்க?"

"அவங்க எங்கே போகப் போறாங்க?" அவர் சிரித்தார். "ஒண்ணு இருக்கு. இறுதிப் பயணம் பேக்கேஜ். அதுக்கு மட்டும் எதையும் கேக்கறதில்ல. சாவு வீட்டுல போய் சர்டிபிகேட் கேட்டா அசிங்கம் இல்லையா? அமெரிக்காவுல இருக்கிற பையன் அப்பா ஊர்வலத்தை லைவ்ல பாக்கறான். வீட்டு வாசல்லேர்ந்து சுடுகாட்டு கேட் வரைக்கும் படம் ஒரு நொடி உறையக் கூடாது. வண்டியில இருக்கிற அத்தனை சாதனத்துக்கும் முதலிடம். அதுவும் இலவசம். ஒரு நம்பருக்கு ஒரே தடவை. ஒருத்தன் ஒரு தடவைதானேம்மா சாவான்?"

"இலவசமாக் குடுத்தா நமக்கு என்ன லாபம்?"

"நடுவுல விளம்பரம் போடறோமே. துக்கத்துல இருக்கிறவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டான்."

பெனிட்டா எழுந்து கழிவறைக்குப் போனாள். முகத்தைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தால் கண்ணாடியில் அவள் முகம். அதைப் பார்க்கவும் அருவருப்பாக இருந்தது. இவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறோமே என்று தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

மறுநாள் அவள் எழில்வனத்துக்குப் போனபோது ஆட்டோக்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு சொட்டும் இறங்காமல், டீசல் தீர்ந்ததுதான் மிச்சம் என்று ஓட்டுநர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் படுத்திருந்தவர்களை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பவளக்கொடி மட்டும் இன்னும் வண்டியிலேயே கிடந்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. மெத்தையைப் பல்லால் கடித்துக் கிழித்திருந்தாள்.

"வந்துட்டியாம்மா?" என்று எத்திராஜ் ஓடிவந்தார். "வண்டி நவுறுது, சொட்டலியே! தாம்பரம் வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன். அங்கியும் சொட்டல. இன்னா ஆச்சு?"

"எங்கே போறீங்கன்னு சீட்டு காட்டாத வண்டிக்கு இனிமே கிடையாதுங்க. நான் போய்ச் சொன்னதுலதான் மாத்திட்டாங்க." அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஒரு வழி இருக்கு. சொன்னா என்னை அடிப்பீங்க."

சொன்னாள். எத்திராஜ் அடிக்கத்தான் கையை ஓங்கினார். குல்சார் குறுக்கே புகுந்து பிடித்துக்கொண்டாள்.

"உசுரோட இருக்குறவள சாவு வண்டியில ஏத்தச் சொல்றியா? உங்காத்தாள ஏத்துவியாடி நீ?"

"மாட்டேங்க. ஆனா வேற வழி எனக்குத் தெரியலை."

"யோவ்," என்று வண்டிக்குள்ளிருந்து காற்றாக ஒரு குரல் வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். பவளக்கொடி தலையைத் தூக்க முயன்றுகொண்டிருந்தாள். "கம்னு இரு. நாகூரான்ட்ட சொர்க்க ரதம் கீதுல்ல? போன் பண்ணி எடுத்தாரச் சொல்லு. மேளக்காரனையும் இட்டாரச் சொல்லு. மேளம் இல்லாம நான் போவ மாட்டேன்."

எத்திராஜ் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, போனை எடுத்து நாகூரானைக் கூப்பிட்டார்.

சொர்க்க ரதம் வருவதற்குள் பெனிட்டா தன் போனில் பேக்கேஜைத் திறந்தாள். வயலின் இசை. ஆடுகிற விளக்குச் சுடர். இறந்தவருடைய எண் என்ன என்று பணிவாகக் கேட்டது.

"என் நம்பரையே போடு," என்றாள் பவளக்கொடி.

"கூடாது. சுடுகாட்டு கேட்டைத் தொட்டதும் அந்த நம்பரை மூடிடுவாங்க. உங்க பம்ப் அந்த நம்பர்லதான் ஓடுது."

"அப்ப என் நம்பரப் போடு," என்றார் எத்திராஜ்.

"மூடினா மூடினதுதாங்க. உயிரோட இருக்கேன்னு போய் நின்னு நிரூபிக்கறதுக்கு மாசக்கணக்கா ஆகும். உங்க வண்டி பெர்மிட்டே அதுலதானே இருக்கு? நாளைக்கு எதை வச்சு ஓட்டுவீங்க?"

பெனிட்டாவின் வேலை, வங்கிக்கணக்கு, அலுவலகக் கதவு, வீட்டுப் பூட்டு எல்லாம் அவளுடைய எண்ணில்தான் இருந்தன. இதை யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தாள். யோசித்துவிட்டுத் தன் எண்ணை அடித்தாள். பெயர், பெனிட்டா. அடுத்து அவளுடைய புகைப்படம் வேண்டும் என்றது. சால்வை போர்த்திக்கொண்டு சிரிக்கிற படம்தான் கைக்குக் கிடைத்தது. மாலை போட்டுக்கொள்கிறோம் என்று அதுவே சொல்லி, படத்தின் மேல் ஒரு மாலையும் போட்டது.

ரதத்தில் பவளக்கொடியை ஏற்றினார்கள். சாமந்தி மாலைகளை ஓரங்களில் தொங்கவிட்டார்கள். பம்ப் பூவுக்குள் மறைந்தது. நாகூரான் வண்டியை எடுத்தார். மேளத்தில் அடி விழுந்தது. எழில்வனத்து ஆள்கள் யார் செத்தார்கள் என்று கேட்டபடி வெளியே வந்து, ரதத்துக்குள் பவளக்கொடி கண்ணை உருட்டிப் பார்ப்பதைக் கண்டு பின்வாங்கினார்கள்.

முனை திரும்புவதற்குள் பம்ப் கிணுகிணுத்தது. குல்சார் பூவை விலக்கிப் பார்த்தாள். "சொட்டுதுண்ணா! சொட்டுது!" என்று கத்தினாள். மேளக்காரர்களுக்கு என்ன புரிந்ததோ, இரண்டு பங்காக அடித்தார்கள். எத்திராஜ் ரதத்துக்கு முன்னால் ஆடத் தொடங்கினார். ஆடுகிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை.

மேஸ்திரி தன் வேலையைக் குறைவறச் செய்தது. அடுத்த கோபுரத்திலும், அதற்கடுத்த கோபுரத்திலும், விரைவுச்சாலைக் கார்களை ஒதுக்கிவிட்டு, இந்த வண்டிக்கு இடம் எடுத்து வைத்தது. வலியில் துடிக்கிற மனுஷிக்குக் கொடுக்காத மரியாதையைப் பிணத்துக்குக் கொடுத்தது. தன் கையால் செய்த வேலை இத்தனை சுத்தமாக ஓடுவதைப் பார்க்கப் பிடிக்காமல் பெனிட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பவளக்கொடியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. "நல்லாகீதுடி," என்றாள். "மெதுவாப் போவச் சொல்லு."

வழியில் பெனிட்டாவின் போனுக்கு அலைக்கூடத்தின் இரங்கல் செய்தி வந்தது. அதன் கீழே ஒரு காப்பீட்டு விளம்பரம். அதற்கும் கீழே, ரகோத்தமன் அலுவலகக் குழுவில் எழுதியிருந்தது: 'அதிர்ச்சி. அருமையான பெண். அவளுடைய வேலைகளை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?' சுடுகாட்டு கேட்டைத் தொட்டதும் திரை அணைந்தது. பிறகு எதை அமுக்கியும் அது எழவில்லை.

கேட்டுக்கு வெளியே ரதத்தை ஓரம் கட்டினார்கள். பவளக்கொடி தூங்கிவிட்டிருந்தாள். பல நாளைக்கப்புறம் இப்போதுதான் தூங்குகிறாள் என்று குல்சார் சொன்னாள். பூட்டிக்கொண்ட பம்ப்புக்குள் மருந்து மிச்சம் இருந்தது. உடம்புக்குள் போனது சாயங்காலம் வரை தாங்கும். கூட வந்த பிளாக் ஆள்கள் சுற்றி நின்றார்கள். யாரும் பெனிட்டாவைத் திட்டவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நாளைக்கு இன்னா பண்றது?" என்று எத்திராஜ் யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"நாளைக்கு நான் சாவுறேன்," என்றாள் குல்சார். "எம் புருஷன் நம்பருல ரேஷனு வாங்கிக்கலாம்."

"நாளை மறுநாள் எனக்கு வேலைக்கு லீவுதான். நான் செத்துக்கறேன்," என்றார் மேளக்காரர்களில் ஒருவர்.

"வெள்ளிக்கெழமை என்னால முடியாது, பொண்ணு பாக்க வராங்க. சனிக்கெழமன்னா எம்பேரைப் போட்டுக்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அந்தப் பெரியவரையும் சின்னப் பொண்ணையும் இதே வண்டியில ஏத்திக்கலாம். எடம் கீது," என்றார் நாகூரான்.

சந்தைக்கு யார் போவது என்று பேசுகிற மாதிரி பேசி முடித்தார்கள். சிரிப்பும் வந்தது சிலருக்கு. எத்திராஜ் மட்டும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"பிளாக்குல இருக்குற அத்தினி பேரும் முடிஞ்சிட்டா?"

குல்சார் ரதத்துக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அவ்ளோ நாளு தேவப்படாதுண்ணா."

எத்திராஜ் எண்ணுவதை நிறுத்தினார். தலையை ஆட்டிவிட்டு, வண்டியைத் திருப்பச் சொல்லி நாகூரானுக்குக் கை காட்டினார்.